சஷிமி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமைக்காத மீனை வெட்டி வைப்பதில் என்ன பெரிய கைவேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும், சாப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தும் வயிற்றை நினைத்துப் பயப்படுபவர்களுக்கும் இந்தப் பக்கம். ஜப்பானிய உணவான சஷிமியில் அடுப்பு மட்டும்தான் இல்லை. வேலை நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி படகிலும் ஐஸ் பெட்டியிலுமே முடிந்துவிடுவதால் சாப்பிடுபவர் கண்ணில் படுவதில்லை.

சஷிமியும் சுஷியும் ஒன்றுதானே?

இல்லை. சுஷி என்றால் வினிகரும் உப்பும் சேர்த்த சோறு இருந்தாக வேண்டும். அதோடு மீன் வரலாம், முட்டை வரலாம், வெறும் வெள்ளரிக்காய்கூட வரலாம். சஷிமியில் சோறு கிடையாது. மீன் துண்டுகள், தொட்டுக்கொள்ள சோயா சாஸ், கொஞ்சம் வசாபி என்ற காரமான பச்சை விழுது, அவ்வளவுதான். பெரிய உணவகத்துப் பண்டம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் சூப்பர் மார்க்கெட் போனால் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். கடை மூடும் நேரம் நெருங்கினால் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதற்காகவே காத்திருந்து வாங்குபவர்களும் உண்டு.

சமைக்காத மீன் நாறாதா?

நல்ல சஷிமியில் மீன் வாடை அநேகமாக இருக்காது. கடல் மீனின் சதையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமைனாக மாற்றும்போதுதான் நமக்குப் பழகிய அந்த வாடை கிளம்புகிறது. ரத்தம் தங்கிய சதையும் சீக்கிரம் நாறும். ஆகவே பிடித்தவுடன் ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, குளிரிலேயே வைத்திருந்தால் நாற்றத்துக்கு வழியில்லை. தட்டு மேசைக்கு வரும்போதே வாடை அடித்தால், அதைத் தொடாமல் எழுந்துவிடலாம்.

அப்போதுதான் பிடித்த மீன்தானே மிகச் சுவையானது?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், பாதிதான் சரி. துள்ளத் துள்ள வெட்டிய மீனுக்கு நல்ல கடிப்பு இருக்கும். ருசி குறைவாக இருக்கும்.

காரணம் இது. உயிருள்ள தசையில் ஆற்றலைத் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. மீன் செத்தபின் அது படிப்படியாக உடைந்து இனோசினிக் அமிலமாகிறது. வாயில் நாம் உணரும் உமாமி, அதாவது நாக்கில் தங்கும் கறிச்சாற்று ருசி, அதிலிருந்துதான் வருகிறது. 1908இல் கொம்பு என்ற கடற்பாசியில் உமாமிக்குக் காரணம் குளுட்டமேட் என்று இகெடா கிகுனாயே கண்டறிந்தார். 1913இல் கோடாமா ஷிந்தாரோ, காய்ந்த வரிச்சூரையான கட்சுவோபுஷியில் இனோசினிக் அமிலத்தின் உப்பான இனோசினேட்டைக் கண்டுபிடித்தார். இலங்கைச் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசியும் இதே வரிச்சூரைதான். ஒரு சிட்டிகை சேர்த்ததும் சம்பல் மாறிப்போவதற்கு இந்த இனோசினேட்டும் ஒரு காரணம்.

ஆனால் இனோசினிக் அமிலமும் நிலையாக நிற்காது. அதுவும் உடைந்து கடைசியில் கசப்பான பொருளில் போய் முடியும். இந்தச் சிதைவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை ஜப்பானில் 'கே மதிப்பு' என்று சதவீதத்தில் அளக்கிறார்கள். 20 சதவீதத்துக்குள் இருந்தால் சஷிமிக்கு ஏற்றது என்பது பொதுவான கணக்கு. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் ஒரு நல்ல நேரம் இருக்கிறது, அதைப் பிடிப்பதுதான் சமையல்காரரின் வேலை. கணவாயும் சிப்பியும் உடனே நன்றாக இருக்கும். ஜப்பானில் 'தாய்' என்று அழைக்கப்படும் சீபிரீம், ஹிராமே போன்ற வெள்ளைச் சதை மீன்கள் ஒரு நாள், இரண்டு நாள் குளிரில் இருந்தால் மேம்படும். பெரிய சூரையை ஒரு வாரத்துக்கும் மேல் பதப்படுத்தி வைக்கும் கடைகள் உண்டு.

அதற்கு மீன் சாகும் விதம் முக்கியம். வலையில் துடித்துத் துடித்துச் சாகும் மீன் தன் ஏடிபியை எல்லாம் அங்கேயே செலவழித்துவிடும். உடலும் சீக்கிரம் விறைத்துவிடும். அதனால்தான் இகெஜிமே என்ற முறை. மூளையில் ஒரே குத்து; செவுளருகிலும் வாலருகிலும் வெட்டி ரத்தத்தை வடிப்பது; முதுகெலும்பின் மேலே ஓடும் தண்டுவடத்துக்குள் மெல்லிய கம்பியை விட்டு நரம்பை அழிப்பது. இப்படிச் செய்தால் விறைப்பு தாமதமாகும், ருசிக்கான இருப்பு சதையிலேயே தங்கும். ஆகாஷி நீரிணையின் தாய் மீன் பேர்பெற்றதற்கு அங்கே ஓடும் வேகமான நீரோட்டம் ஒரு காரணம் என்றால், அங்கத்து மீனவர்களின் இந்தக் கைப்பழக்கம் இன்னொரு காரணம். பார்க்கக் கொடூரமாகத் தெரியும். மணிக்கணக்கில் மூச்சுத் திணறிச் சாவதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

வெட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

கத்தியைப் பார்த்தாலே பாதி புரியும். யனாகிபா என்ற சஷிமிக் கத்தி ஒல்லியாக, நீளமாக இருக்கும். 27 முதல் 30 சென்டிமீட்டர் வரை சாதாரணம். ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடித்திருப்பார்கள். ஒசாகாவை அடுத்த சகாய் நகரம் இந்தக் கத்திகளுக்குப் பேர்போனது. நீளம் எதற்கென்றால், கத்தியின் அடிப்பகுதியை மீனில் வைத்து நுனிவரை ஒரே இழுப்பில் இழுத்துத் துண்டு போடுவதற்கு. அழுத்தக் கூடாது, முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. மழுங்கிய கத்தியால் அறுத்தால் சதை நசுங்கிச் சாறு வெளியேறும், வெட்டுமுகம் மங்கும், சோயா சாஸும் ஒழுங்காக ஒட்டாது. சந்தேகமிருந்தால் ஒரே மீனை இரண்டு கத்தியால் வெட்டிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கனமும் மீனுக்கு மீன் மாறும். சூரை மென்மையானது, அதனால் தடிமனாக வெட்டுவார்கள். ஹிராமே நம் நாக்கு மீனைப் போன்ற தட்டை மீன். சதை இறுக்கமானது, ஆகவே கத்தியைச் சாய்த்து மெல்லியதாகச் சீவ வேண்டும். கணவாயைச் சேமியா மாதிரி நூல் நூலாக வெட்டுவது ஹக்கோதாத்தே பக்கத்து வழக்கம். பேய்க்கணவாயைப் பெரும்பாலும் அவித்துத்தான் வெட்டுகிறார்கள். எனவே சஷிமி என்றாலே முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் கோச்சி மாநிலத்தில் வரிச்சூரையை வைக்கோல் தீயில் வெளிப்புறம் மட்டும் வாட்டி, பூண்டோடு தருவார்கள். சமைக்காத மீனுக்கு மனம் ஒப்பாதவர்களுக்கு நான் சொல்லும் முதல் தட்டு அதுதான்.

சால்மன்தான் ஜப்பானியரின் பழைய சஷிமி மீனா?

இல்லவே இல்லை! பசிபிக் சால்மனில் ஒட்டுண்ணிப் புழு அதிகம் என்பதால் ஜப்பானியர் அதை உப்பிட்டு, சுட்டுத்தான் சாப்பிட்டு வந்தார்கள். ஹொக்கைடோவின் ஐனு மக்கள் குளிர்கால வெளியில் உறையவைத்துச் சீவிச் சாப்பிட்ட ருயிபே ஒரு விதிவிலக்கு. உறைந்தால் புழு செத்துவிடும்.

சமைக்காத சால்மனை ஜப்பானில் விற்றவர்கள் நார்வேக்காரர்கள். 1980களில் அங்கே பண்ணைச் சால்மன் குவிந்து கிடந்தது. அரசும் மீன் வியாபாரிகளும் சேர்ந்து 'புராஜெக்ட் ஜப்பான்' என்று ஒரு திட்டமே போட்டார்கள். பண்ணையில் தீவனம் தின்று வளரும் மீனில் அந்தப் புழு வர வாய்ப்பு மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம். ஜப்பானிய வியாபாரிகள் லேசில் மசியவில்லை. நிறம் சரியில்லை, வாசனை சரியில்லை என்றார்கள். 1990களின் தொடக்கத்தில் நிச்சிரெய் என்ற உறைந்த உணவு நிறுவனம் பெரிய அளவில் வாங்க ஒப்புக்கொண்ட பிறகு, சுழலும் பட்டைச் சுஷிக் கடைகள் வழியாக அது குழந்தைகளைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குழந்தைகள் இன்று பெரியவர்கள்.

சூரைக்கு ஏன் அவ்வளவு விலை?

எல்லாச் சூரைக்கும் இல்லை. விலை ஏறுவது நீலத்துடுப்புச் சூரைக்கு, அதிலும் ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வட முனையில் இருக்கும் ஓமா ஊரில் பிடித்ததற்கு. 2019 ஜனவரியில் டோக்கியோவின் டொயோசு சந்தையில் 278 கிலோ எடையுள்ள ஒரு சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. அதை மீன் விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டின் முதல் ஏலம், தொலைக்காட்சிக் கேமராக்கள், வாங்கிய சுஷிக் கடைக்காரருக்கு நாடு முழுக்க விளம்பரம். சந்தையும் சுகிஜியிலிருந்து மூன்று மாதம் முன்புதான் இடம் மாறியிருந்தது.

ஒரே மீனில் முதுகுப் பக்கத்துச் சிவப்புச் சதை அகாமி, நடுத்தரக் கொழுப்பு சூதோரோ, வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பு ஓதோரோ. இன்று ஓதோரோவுக்குத்தான் அதிக விலை. எடோ காலத்தில் (1603–1868) அதை யாரும் மதிக்கவில்லை. கொழுப்பு சீக்கிரம் கெட்டுவிடும், குளிரூட்ட வழியில்லை. பூனைகூடத் தாண்டிப் போகும் என்பார்களாம். சிவப்புச் சதையைச் சோயா சாஸில் ஊறவைத்து விற்றார்கள். ஆழ்குளிர் வந்தபிறகுதான் கணக்கு தலைகீழானது. சாதாரண உறைபெட்டிக் குளிரில் சூரையின் சிவப்பு நிறமி ஆக்சிஜனேற்றமடைந்து பழுப்பாகிவிடும் என்பதால், தொலைகடல் கப்பல்களில் மைனஸ் 60 டிகிரியில் வைக்கிறார்கள். ஜப்பானியர் தின்னும் சூரையில் பெரும்பங்கு அப்படி உறைந்து வந்ததுதான். உறைந்த மீன் என்றால் மட்டம் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் ஓதோரோ இரண்டு துண்டுக்கு மேல் திகட்டும். அகாமிதான் மீன் ருசி.

புழு இருக்குமாமே?

இருக்கும். பெயர் அனிசாகிஸ். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூல் போல இருக்கும். திமிங்கிலம், டால்பின் வயிற்றில் வளர்ந்து முட்டையிடும். அது கூனிப்பொடி போன்ற சிற்றுயிர்கள் வழியாக மீனுக்கும் கணவாய்க்கும் வந்து சேரும். நம் வயிற்றில் அது வாழ முடியாது. ஆனால் சாகும்முன் இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் ஆளைச் சுருட்டிப்போடும் வலி வரும். மருத்துவர் உள்நோக்கிக் குழாயை விட்டுப் புழுவைப் பிடித்து இழுத்துவிட்டால் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். ஜப்பானில் சமீப ஆண்டுகளில் பதிவாகும் உணவு நஞ்சுச் சம்பவங்களில் இதுவே முன்வரிசையில் இருக்கிறது. சிலருக்குச் செத்த புழுவே ஒவ்வாமையைக் கிளப்பும்.

வசாபி, வினிகர், எலுமிச்சை, சோயா சாஸ், மது எதுவும் அதைக் கொல்லாது. இதைத் தனிப் பத்தியாகச் சொல்லக் காரணம், 'வசாபி தொட்டால் போதும்' என்று நம்புபவர்கள் எக்கச்சக்கம். வழக்கமாகக் கொல்வது இரண்டுதான்: சூடு, உறைகுளிர். ஜப்பானிய சுகாதார அமைச்சகம் மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் என்கிறது. அமெரிக்காவில் அதே குளிரில் 7 நாள் என்று இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. டோக்கியோவில் கானாங்கெளுத்தியின் உறவான சாபா மீனை உப்பிட்டு வினிகரில் ஊறவைக்காமல் தரமாட்டார்கள். தெற்கே ஃபுகுவோகாவில் அதையே பச்சையாக எள்ளோடு கலந்து சாப்பிடுகிறார்கள். இது வெறும் துணிச்சல் என்று நினைத்தால் தப்பு. பசிபிக் பக்கத்துப் புழு இனம் மீனின் குடலிலிருந்து சதைக்குள் எளிதாக ஊர்ந்துவிடும். ஜப்பான் கடல் பக்கத்து இனம் பெரும்பாலும் குடலிலேயே தங்கிவிடும். ஆய்வாளர்கள் அண்மையில்தான் இதைப் பிரித்தறிந்தார்கள், ஊர் வழக்கம் எப்போதோ அதன்படி அமைந்துவிட்டது. இப்போது குமமோத்தோ பல்கலைக்கழகமும் ஒரு மீன் நிறுவனமும் சேர்ந்து, மீனை உறையவைக்காமலே மின்சாரத் துடிப்பால் புழுவைக் கொல்லும் கருவியையும் செய்திருக்கின்றன.

பாக்கெட்டில் 'சஷிமி கிரேடு' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

அமெரிக்கா உட்பட பல நாடுகளில் அந்தச் சொற்றொடருக்குச் சட்டப்படி வரையறை இல்லை. விற்பவர் கொடுக்கும் வாக்கு, அவ்வளவே. எந்தக் குளிரில் எத்தனை நாள் உறைந்திருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்கலாம்.

நம்ம ஊர்ச் சந்தையில் நல்ல சூரை கிடைக்கிறதே, வீட்டில் செய்யலாமா?

வேண்டாம். மீன் மேல் குறை இல்லை; இந்தியப் பெருங்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரை அருமையான சஷிமி மீன், இலங்கையிலிருந்து ஜப்பானுக்கே ஏற்றுமதியாகிறது. ஆனால் ஏற்றுமதிக்குப் போகும் மீனுக்கு நடப்பது வேறு, நம் குழம்புக்கு வரும் மீனுக்கு நடப்பது வேறு. குழம்பு மீன் வெயிலில் கிடக்கும், ஒரே பலகையில் பத்து மீன் வெட்டுப்படும், அதே அழுக்குத் தண்ணீரில் கழுவப்படும். புளியும் கொதியும் அந்தக் கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும். சஷிமிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சூரைக்கு இன்னொரு சிக்கல் ஹிஸ்டமின். மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை உண்டாக்கும். முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும். ஒருமுறை உண்டாகிவிட்டால் உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. அப்புறம் வீட்டு ஃப்ரீசர். பல பெட்டிகள் மைனஸ் 20ஐத் தொடுவதில்லை, மெதுவாக உறைவதால் சதையும் கூழாகிவிடும்.

நன்னீர் மீனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கட்லா, ரோகு, விரால் எதுவானாலும் சரி. தாய்லாந்திலும் லாவோஸிலும் ஆற்று மீனைப் பச்சையாகத் தின்னும் வழக்கத்தால் ஈரல் தட்டைப்புழு தொற்றி, பித்தநாளப் புற்றுநோய் வருகிறது. 2015இல் சிங்கப்பூரில் சமைக்காத நன்னீர் மீன் போட்ட உணவுகளால் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று பரவியது. சிக்கிய மீன்களில் ஒன்று விரால் இனத்து டோமான். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு அத்தகைய உணவுகளில் நன்னீர் மீனையே தடை செய்தது.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

தவிர்ப்பது நல்லது. லிஸ்டீரியா என்ற கிருமியின் பயம் ஒன்று, பெரிய மீன்களில் சேரும் பாதரசம் இன்னொன்று. பாதரசம் சமைத்தாலும் போகாது. நீலத்துடுப்பு, பெருங்கண் சூரைகளைக் கர்ப்பிணிகள் வாரம் சுமார் 80 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஜப்பானிய அரசின் அறிவுரை. சிறு குழந்தைகள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்களும் சமைத்த மீனோடு இருந்துகொள்ளலாம்.

தட்டில் வரும் பச்சை விழுது உண்மையான வசாபிதானா?

பெரும்பாலும் இல்லை. குதிரைமுள்ளங்கி, கடுகு, பச்சை நிறம். உண்மை வசாபி குளிர்ந்த ஓடைநீரில் வளரும் தண்டு. ஷிசுவோகா, நாகானோ பக்கத்தில் பயிராகிறது. சுறாத்தோல் ஒட்டிய பலகையில் வட்டமாகத் தேய்ப்பார்கள். தேய்த்த சில நிமிடங்களில் காரம் உச்சிக்குப் போய், கால் மணி நேரத்தில் தணிந்துவிடும். மூக்கில் ஏறும், ஆனால் பின்னாலேயே லேசான இனிப்பு வரும். போலியில் அந்த இனிப்பு இல்லை.

சாப்பிட முறை ஏதாவது இருக்கிறதா?

வெள்ளை மீனில் தொடங்கி, கொழுப்பு மீனுக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் வெள்ளை மீன் சப்பென்று இருக்கும். வசாபியைச் சோயா சாஸில் கரைத்துச் சேறாக்காமல், துண்டின் மேல் ஒரு பொட்டு வைத்து மறுபக்கத்தைச் சாஸில் தொடுங்கள். கரைத்தால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஜப்பானியரே நிறையப் பேர் கரைக்கிறார்கள். வரிச்சூரைக்கு வசாபியைவிட இஞ்சி பொருந்தும். அடியில் இருக்கும் முள்ளங்கித் துருவல் அலங்காரம் மட்டும் இல்லை, சாப்பிடத்தான். ஷிசோ இலையும் அப்படியே.

இது எவ்வளவு பழைய வழக்கம்?

கியோத்தோவின் சுசுகா குடும்பக் குறிப்பில் 1399ஆம் ஆண்டிலேயே சஷிமி என்ற பெயர் வருகிறது. அங்கே சொல்லப்படும் மீன் கெண்டை இனம். கியோத்தோ கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர். தொட்டுக்கொள்ள, ஊறவைத்த உமே என்ற பிளம் வகைக் காயோடு சாக்கே மதுவைக் காய்ச்சிய இரிசாக்கே. சோயா சாஸ் எல்லோர் வீட்டுக்கும் வந்தது எடோ காலத்தில், நோதா, சோஷி ஊர்களின் உற்பத்தி பெருகிய பிறகுதான்.

விஷ மீனையும் சஷிமியாகச் சாப்பிடுகிறார்களாமே?

ஃபுகு. நம் கடற்கரையில் பேத்தை என்பார்களே, அந்த இனம். ஈரலிலும் சினையிலும் இருக்கும் டெட்ரோடோடாக்சினுக்கு மாற்று மருந்து கிடையாது, சமைத்தாலும் அழியாது. உரிமம் பெற்றவர்தான் அறுக்க வேண்டும். சதை ரப்பர் மாதிரி இழுக்கும் என்பதால், தட்டின் ஓவியம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, செவ்வந்திப் பூவாக அடுக்குவார்கள். 16ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர் ஹிதேயோஷி காலத்தில் போட்ட தடை யமகுச்சியில் 1888இல் விலகியது. 1975இல் கபுகி நடிகர் எட்டாம் பாந்தோ மிட்சுகோரோ கியோத்தோவில் ஃபுகு ஈரலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு இறந்தார். பெரிய ருசி ஒன்றும் இல்லை என்று சாப்பிட்டவர்கள் பலர் சொல்வார்கள். பேத்தையை வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

சைவருக்கு ஏதும் உண்டா?

உண்டு. சோயா பாலில் படியும் ஏட்டை யுபா சஷிமி என்று தருவார்கள். கொன்யாக்கு கிழங்குக் களியையும் அப்படியே வெட்டித் தருவதுண்டு.

மிச்சம் இருந்தால் என்ன செய்வது?

அன்றே குளிரில் வைத்து, மறுநாள் சமைத்துவிடுங்கள். சூரைத் துண்டுகளைச் சோயா சாஸும் இஞ்சியும் சேர்த்துப் புரட்டி வதக்கினால் சோற்றுக்குச் சரியாக இருக்கும். வெளியிலேயே மணிக்கணக்கில் கிடந்திருந்தால் வதக்கியும் பயனில்லை; மேலே சொன்ன ஹிஸ்டமின் அதில் அப்படியே இருக்கும். கொட்டிவிடுங்கள்.